மருத்துவ ஆராய்ச்சியும் உபகாரச் சம்பளமும்

நோயைத் தீர்க்கும் மருத்துவனை உலகம் நன்கறியும். நோயின் காரணத்தை ஆய்ந்து காணும் ஆராய்ச்சியாளனை அறிந்தார் சிலரே. அவ்வாராய்ச்சித் துறைக்கு வாயிலாக நிற்பது டாக்டர் பட்டப் பயிற்சி. ‘எம்.எஸ்ஸி. தேறிய பின்னும் ஐந்தாண்டு பொருளீட்டாதிருத்தல் செல்வர்க்கன்றோ இயலும்?’ என்று நம் மாணவருட் பலர் வினவுகின்றனர். தமிழ் பயிலும் யாம் இத்துறை பற்றி எழுதப் புகுந்தது அவ்வெண்ணத்தை மாற்றுதற்பொருட்டே.

முதற்கண் இவ்வாராய்ச்சியின் பயனை ஓர் உதாரணத்தாற் காண்போம். 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை பற்றிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றிற்று. காசநோயாளரைப் பல திங்கள் சானடோரியத்தில் வைத்தே மருந்தளித்தல் வேண்டும் என்பது அக்காலத்தார் பெரும்பாலோர் கொள்கை. ஏழைகட்கோ ஆங்கு இடங்கிடைத்தல் அரிது. நிலையத்தார் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு வீட்டிலும் மறு சாரார்க்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பு நோக்கினர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய மற்றவரைப் போன்றே குணமெய்தினர். 1959-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் சிகிச்சை முறையை மாற்றியது. நெடுங்காலக் கொள்கையையும் சோதித்தறியும் இந்நெறியையே டாக்டர் பட்டப் பயிற்சி கற்பிக்கின்றது.

இனி, பொருளுதவி பெறும் வழியைக் கூறுவாம். சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் மத்திய அரசின் ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்து தேசியத் தகுதித் தேர்வு ஒன்றினை அமைத்துள்ளன. உயிரியல் அதன் பாடங்களுள் ஒன்று. எம்.எஸ்ஸி.யில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தார், பிற்பட்டோர் முதலிய சில வகுப்பினர்க்கு 50 போதும். இறுதியாண்டு பயில்வோரும் விண்ணப்பிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இத்தகைய உதவியைத் தனியே அளித்து வருகின்றன.

தேர்வில் முன்னிற்பார் இளநிலை ஆராய்ச்சியாளராவர். 2023 சனவரி முதல் உயர்த்தப்பெற்ற விகிதப்படி, முதலிரண்டு ஆண்டு திங்கள்தோறும் 37,000 ரூபாயும், பணி நன்றென மதிக்கப்பெற்றபின் முதுநிலையில் 42,000 ரூபாயும் உண்டு. விடுதி வசதி இல்லாதார்க்கு வீட்டு வாடகைப்படியும் விதிப்படி சேரும்.

ஈண்டு மாணவர் மனங்கொள வேண்டுவன இரண்டு. தேர்வில் வென்றமை மாத்திரத்தால் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிடாது. தக்க நிலையத்தையும் வழிகாட்டும் ஆசிரியரையும் தாமே நாடி, நேர்முகத் தேர்விலும் தேறல் வேண்டும். மேலும், இத்தொகை சில வேளை காலந்தாழ்ந்து வருவதுண்டு. ஆதலின் சில திங்கட்செலவுக்கு முன்னரே வழிசெய்து கொள்ளல் நன்று.

உபகாரச் சம்பளம் என்னும் பெயர் கண்டு இதனைப் பிச்சையென எண்ணற்க. இது உழைப்பிற்கு நாடளிக்கும் ஊதியம். மருந்து வாங்கும் ஏழையும் செலுத்திய வரிப்பணத்தினின்று வருவது. அவ்வேழையின் நோய்க்கு விடைகாண உழைத்தலே அதற்குக் கைம்மாறு. வறுமை காரணமாக இவ்வாயிலை அணுகாது திரும்பும் நண்பர் எவரேனும் நம்மிடையே உளராயின், அவர் ஒருமுறை அதனைத் தட்டிப் பார்ப்பாராக.