அறையில் பொருந்துவதும் அழுத்தத்தைத் தாங்குவதும்

ரிவால்வரின் சுழல் உருளைக்குள் தோட்டா தடையின்றி நுழைவது, அது வெடிக்கும்போது எழும் அழுத்தத்தை அவ்வுருளை தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பயன்படுத்திய பித்தளை உறைகளில் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைத் தாமே பொருத்திக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ள அமெரிக்காவில், இவ்வேறுபாட்டின் ஆபத்து .45 கோல்ட் தோட்டாவில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. 1873-இல் கருமருந்துக்காக உருவான இத்தோட்டாவுக்கு அந்நாட்டுத் தயாரிப்பாளர்களின் தரநிர்ணய அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. ஆனால் ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த உருளை கொண்ட ரிவால்வர்களுக்கென நிரப்புக் கையேடுகள் தனிப்பகுதியில் தரும் அளவுகளோ ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தை எழுப்பக்கூடியவை. 1935-இல் .357 மேக்னம் வெளிவந்தபோது, அது பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர்களுக்குள் நுழையாதவாறு அதன் உறை ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் நீட்டப்பட்டது; .45 கோல்ட்டில் அத்தகைய தடுப்பு ஏதுமில்லை, உறை ஒன்றே.

உருளையின் வலிமை உலோகத்தின் தரத்தையும் அறைச்சுவரின் தடிமனையும் சார்ந்தது. ஆறு அறைகள் கொண்ட பல ரிவால்வர்களில், உருளையை நிறுத்தும் பள்ளம் அறைக்கு நேர்மேலே, சுவர் மிக மெலிந்த இடத்திலேயே வெட்டப்பட்டிருக்க, ஐந்து அறை உருளைகளில் அது இரு அறைகளுக்கு இடையே அமைகிறது. 1920-களில் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .45-ஐ விட்டு .44 ஸ்பெஷலுக்கு மாறியதற்கு, துளை சிறுத்தால் சுவர் தடிக்கும் என்ற எளிய கணக்கே காரணம்.

தட்டையான பிரைமர், உறை அறையில் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றை எச்சரிக்கைக் குறிகளாக நம்புவோர் உண்டு; பழைய உருளைகளைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை வீண், ஏனெனில் பித்தளை அடையாளம் காட்டும் அளவுக்கு அழுத்தம் உயர்வதற்குள் எஃகின் பாதுகாப்பு எல்லை கடந்திருக்கும். நூறு முறை சுட்டும் வெடிக்கவில்லை என்பதும் சான்றாகாது. மாதிரியையும் வரிசை எண்ணையும் கொண்டு தயாரிப்பாளரிடம் விவரம் பெறுவதும், உருளையின் ஆட்டம், அறையும் குழலும் நேராகப் பூட்டிக்கொள்ளும் ஒழுங்கு, பள்ளத்தின் மேற்புடைப்பு ஆகியவற்றைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து சொல்வதும், கையேட்டில் அந்த மாதிரிக்கென அச்சிட்ட அளவைத் தாண்டாமையுமே எஞ்சும் வழிகள்.

உருளை வெடித்துக் காயமுற்றவருக்குச் சட்டம் தரும் நிவாரணம் குறுகியது. 1972-ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளை விலக்கி வைத்துள்ளதால், குறைபாடுள்ளவற்றைத் திரும்பப் பெறுமாறு அதன்கீழ் அமைந்த ஆணையம் கட்டளையிட இயலாது. துப்பாக்கித் துறைக்குப் பெரும் பாதுகாப்பளித்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வடிவமைப்பு அல்லது தயாரிப்புக் குறையால் நேர்ந்த காயத்துக்கு வழக்குத் தொடரும் உரிமையை விட்டுவைத்திருப்பினும், பல நிறுவனங்கள் தம் கையேடுகளில் வீட்டில் நிரப்பிய தோட்டாக்களை விலக்கியிருப்பதால், குறை உலோகத்திலா மருந்தளவிலா என்று நிறுவும் சுமை காயமுற்றவர் மீதே விழுகிறது. ஆகவே உடைந்த துண்டுகளையும், எஞ்சிய தோட்டாக்களையும், மருந்தின் பெயரும் எடையும் குறித்த பதிவேட்டையும் மாற்றாமல் காக்க வேண்டும். இறந்தவரின் அலமாரியிலிருந்து கிடைத்த பெயரற்ற தோட்டாப் பெட்டி எவ்வளவு நேர்த்தியாகத் தோன்றினாலும், அதைச் சுடாமல், குண்டுகளைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.