கேள்வியில் ஒரு சொல்கூட இல்லாத தேர்வு

பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு இணையம்வழி வேலைக்கு விண்ணப்பித்தால், இப்போதெல்லாம் பல இடங்களிலிருந்து முதலில் வருவது நேர்முகத்துக்கான அழைப்பு அல்ல. ஒரு மின்னஞ்சல், அதில் ஓர் இணைப்பு, குறிப்பிட்ட நாளுக்குள் செய்து முடிக்கவேண்டும் என்று ஒரு வரி. திறந்தால் திரையில் எழுத்தே இருக்காது. ஒன்பது கட்டங்கள். எட்டில் வட்டமும் கோடும் புள்ளியுமாக ஏதேதோ வரைந்திருக்கும், ஒன்பதாவது காலி. கீழே ஐந்தாறு படங்கள். காலிக் கட்டத்துக்கு உரியது எது? மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கெலுகோர்க்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஒரு பக்கம் மிண்டென் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். தெற்கே கொஞ்ச தூரம் போனால் தொழிற்பேட்டை. நடுவிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீடுகளில் இறுதியாண்டு மாணவர்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஆலை ஒன்றின் பயிற்சிப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் வந்ததும் மடிக்கணினியோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். "அங்கிள், இதுக்கு என்ன புத்தகம் படிக்கணும்?" என்பது முதல் கேள்வி. "எஞ்சினியரிங் படிச்சவனுக்கு எதுக்கு முக்கோணமும் சதுரமும்?" என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

1917-இல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா இலட்சக்கணக்கான ஆள்களைப் படையில் சேர்த்தது. அவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் ஏராளம். ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளரின் குழு, படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' என்றும் தெரியாதவர்களுக்கு 'பீட்டா' என்றும் இரண்டு தேர்வுகளைத் தயாரித்தது. பீட்டாவில் விடை எழுத எழுத்தறிவு வேண்டாம். எல்லாம் படமும் குறியும்தான். ஆனால் என்ன படம்? வலை இல்லாத டென்னிஸ் திடலைக் காட்டி, இதில் எது குறைகிறது என்றார்கள். டென்னிஸ் ஆட்டத்தையே பார்த்திராத ஒரு விவசாயி என்ன சொல்வார்? சொல்லை எடுத்துவிட்டார்கள், பழக்கத்தை எடுக்கவில்லை.

ஒரு படி மேலே போனவர் இங்கிலாந்தின் ஜான் ரேவன். மனவளர்ச்சிக் குறைபாட்டை ஆராய்ந்த லயனல் பென்ரோஸிடம் அவர் உதவியாளராக இருந்தார். வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் சோதிக்கவேண்டிய வேலை. அப்போது இருந்த தேர்வுகள் நீளமானவை, சொற்களை நம்பியவை. ஆகவே டென்னிஸ் திடல், மாட்டுவண்டி என்று எந்தப் பொருளும் இல்லாமல், வெறும் வடிவங்களைக் கட்டங்களில் அடுக்கினார். 1938-இல் அது வெளியானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஆள் பிரிக்க அதைப் பயன்படுத்தியது. இன்று உங்கள் திரையில் வரும் ஒன்பது கட்டம் அந்த ரேவனின் பேரப்பிள்ளைதான். நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. பினாங்கிலும் போலந்திலும் ஒரே தாளை வைக்கலாம், மொழிபெயர்ப்பு வேண்டாம். பாடநூலில் இல்லாத புதுச் சிக்கலில் ஒருவர் எவ்வளவு விரைவாக விதியைக் கண்டுபிடிக்கிறார் என்று பார்ப்பதே நோக்கம்.

தமிழ்ப்பள்ளியில் படித்துப் பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் படித்த நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு என்பேன். ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் தேர்வில் தடுமாறுகிறவர் இங்கே தடுமாறத் தேவையில்லை. ஆனால் 'மொழி வேண்டாம்' என்பதைப் 'பயிற்சி வேண்டாம்' என்று புரிந்துகொள்ளக் கூடாது. நெதர்லாந்தில் படைக்கு வந்த இளைஞர்களின் மதிப்பெண்களை நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். ரேவன் வகைத் தேர்வில் 1952-க்கும் 1982-க்கும் இடையே மதிப்பெண் ஏறக்குறைய 20 ஐ.க்யூ. புள்ளி ஏறியிருந்தது. முப்பது ஆண்டில் ஒரு நாட்டின் மூளை அப்படி வளராது. பள்ளி, வேலை, விளையாட்டு எல்லாம் மாறின. இந்த வகைச் சிந்தனை மக்களுக்குப் பழகிவிட்டது என்பதுதான் பலர் தரும் விளக்கம். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதுகிறவர்களின் மதிப்பெண் கூடுவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று.

பழக்கம் என்றதும் எனக்குப் புள்ளிக்கோலம்தான் நினைவுக்கு வரும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களை விதிகளின் தொகுப்பாகப் பார்த்து, கணினிக்கான 'இலக்கணம்' எழுதிக் காட்டினார்கள். ஒரு துண்டு, அதைத் திருப்புவது, மறுபடி ஒட்டுவது. வாசலில் குனிந்து கோலம் போடும் பாட்டி செய்வதும் அதுதான். பெயர் மட்டும் சொல்லமாட்டார்.

சரி, புதிருக்கு வருவோம். ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலையில் கறுப்புப் புள்ளி, நடுவில் சில கோடுகள். முதல் வரிசை: புள்ளி மேல் இடது மூலை, ஒரு கோடு, மேல் வலது, இரண்டு கோடு, கீழ் வலது, மூன்று கோடு. இரண்டாம் வரிசை: மேல் வலது, ஒன்று, கீழ் வலது, இரண்டு, கீழ் இடது, மூன்று. மூன்றாம் வரிசை: கீழ் வலது, ஒன்று, கீழ் இடது, இரண்டு, அடுத்தது?

மொத்தப் படத்தையும் வெறித்துப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றை மட்டும் பாருங்கள். கோடு 1, 2, 3 என்று கூடுகிறது. ஆக விடையில் மூன்று கோடு. உடனே கீழே போய் மூன்று கோடு இல்லாத படங்களை அடித்துவிடுங்கள். பாதி போய்விடும். பிறகு புள்ளி: கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு மூலை நகர்கிறது. கீழ் இடதுக்கு அடுத்தது மேல் இடது. விடை கிடைத்துவிட்டது. நான் பார்த்தவரை, பிள்ளைகள் தோற்பது விதி தெரியாமல் அல்ல. இரண்டு விதிகளை ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்து நேரத்தைத் தொலைப்பதால்தான்.

பெரும்பாலோர் முதல் தடவை வழுக்கும் இடம் இன்னொன்று உண்டு. முதல் கட்டத்தில் ஒரு வட்டமும் நிமிர்ந்த கோடும். இரண்டாவதில் அதே வட்டமும் படுத்த கோடும். மூன்றாவதில் கூட்டல் குறி மட்டும்; வட்டத்தைக் காணோம். இரண்டிலும் இருப்பது மறையும், ஒன்றில் மட்டும் இருப்பது நிற்கும் என்பது விதி. ஒரு தடவை யாராவது சொல்லிவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் தெரியும். சொல்லாதவரை பொறியியல் பட்டம்கூட உதவாது. மற்றபடி திரும்புதல், எண்ணிக்கை, கறுப்பு வெள்ளை மாற்றம், கண்ணாடிப் பிம்பம் என்று பத்துப் பன்னிரண்டு விதிகள்தாம் மாறிமாறி வருகின்றன.

இதற்கு எவ்வளவு பயிற்சி? நான்கைந்து மாலைகள் போதும் என்பது என் கணக்கு. தேர்வை நடத்தும் நிறுவனங்களே தங்கள் தளத்தில் மாதிரிக் கேள்விகளை இலவசமாக வைத்திருக்கின்றன. மின்னஞ்சலில் எந்த நிறுவனத்தின் தேர்வு என்று பார்த்து அதையே செய்யுங்கள். நூற்றுக்கணக்கான ரிங்கிட் வாங்கிக்கொண்டு 'இரகசியம்' கற்றுத்தரும் வகுப்புகளுக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா என்பதைக் குறிப்பில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கழிக்காவிட்டால் எதையும் விடாதீர்கள். கைத்தொலைபேசியில் வேண்டாம், திரை சின்னது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பக்கத்தில் நண்பனை உட்காரவைத்துச் செய்வது வீண். சில நிறுவனங்கள் நேர்முகத்தன்று சிறிய மறுதேர்வு வைத்து ஒப்பிடுகின்றன.

இந்தத் தேர்வு நல்ல ஊழியரைக் காட்டிக்கொடுக்குமா? ஓரளவு. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பொது அறிவுத்திறன் தேர்வுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பை 0.51 என்று கணக்கிட்டார்கள். (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்.) மனிதவளத் துறையினர் பல ஆண்டுகள் அந்த எண்ணைச் சொல்லிச்சொல்லியே தேர்வு வைத்தார்கள். 2022-இல் பால் சாக்கெட்டும் குழுவினரும் மறுகணக்குப் போட்டதில் அது 0.31 ஆக இறங்கியது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.42 கிடைத்தது. தேர்வு பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. தேர்வை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிட அது போதாது.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1971-இலேயே இதைத் தொட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், ஊழியர்கள் கூலி வேலையிலிருந்து மேலே வரவேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ இரண்டு திறன் தேர்வுகளில் தேர்ச்சியோ வேண்டும் என்றது. அந்த வேலைக்கும் அந்தத் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. ஒரு பிரிவினரை ஒதுக்கிவிடும் தேர்வு வேலையோடு தொடர்புள்ளதாக இருக்கவேண்டும் என்பது தீர்ப்பு. அது இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாயான் லெப்பாஸ் மனிதவள அதிகாரிகள் தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. எங்கள் மாடியில் ஒரு பெண். நல்ல தேர்ச்சியோடு பட்டம் முடித்தவள். ஒரு நிறுவனத்தின் தேர்வு முடிவு வந்தது: 32. "நூத்துக்கு முப்பத்திரண்டா? இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவச்சோமே" என்று அவள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது மதிப்பெண்ணே இல்லை என்று நான் சொல்லவேண்டியிருந்தது. அது சதமானம். ஒப்பிட்ட கூட்டத்தில் நூறு பேரில் 32 பேரைவிட அவள் மேலே இருக்கிறாள் என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு கேள்விக்குத்தான் விடை தெரிந்தது என்று பொருள் அல்ல. அந்தக் கூட்டம் யார் என்பதைப் பொறுத்தே எண் மாறும். பொதுமக்களோடு ஒப்பிட்டால் 60-க்கு மேல் வரக்கூடிய ஒருவர், தேர்ந்தெடுத்த பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் 30-க்கு இறங்கலாம்.

"எந்தக் கூட்டத்தோட ஒப்பிட்டாங்கன்னு எழுதிக் கேளும்மா" என்றேன். தயங்கித் தயங்கி எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது: பல நாடுகளின் பொறியியல் பட்டதாரிகள். அவள் அம்மா அந்த வரியைத் தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.