ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கல்லூரியும் வேலையும்: புரூக்ளின் பள்ளி காட்டிய வழி

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பில் முடிகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் படித்துப் பெறும் அசோசியேட் பட்டம், ஏறத்தாழ நம் பாலிடெக்னிக் பட்டயத்தைப் போன்றது. தொழில்நுட்ப வேலைகள் பலவற்றுக்கு இதுவே நுழைவாயில். ஆனால் எளிய குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் பலர், கட்டணம் ஒரு பக்கமும் பள்ளியிலேயே வலுப்பெறாமல் போன கணிதமும் மொழித்திறனும் மறுபக்கமும் தடுக்க, அந்த வாயிலை எட்டாமலே நின்றுவிடுகிறார்கள்.

இந்தத் தடையை நீக்கும் நோக்கத்துடன், நியூயார்க் நகரக் கல்வித் துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து, 2011இல் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியைத் தொடங்கின. பி-டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பள்ளிக்கும் பொறியியல் பட்டமான பி.டெக்குக்கும் தொடர்பில்லை. உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளையும் கல்லூரியின் இரண்டு ஆண்டுகளையும் ஒரே தொடர்ச்சியாக்கி, ஆறு ஆண்டுகளுக்குள் பள்ளிச் சான்றிதழையும் அசோசியேட் பட்டத்தையும் கட்டணமின்றிப் பெற வழிசெய்ததே இதன் புதுமை. நுழைவுத் தேர்வு வைத்து நல்ல மதிப்பெண் பெற்றவர்களைப் பொறுக்கி எடுக்காமல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது, அதனினும் முக்கியமானது.

பாடத்திட்டம் உருவான விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்கநிலை வேலை ஒன்றுக்கு என்னென்ன திறன்கள் தேவை என்பதை நிறுவனம் முதலில் பட்டியலிட்டது. அத்திறன்களைத் தரும் கல்லூரிப் பாடங்கள் எவை, அப்பாடங்களைத் தாங்கும் அடிப்படை பள்ளியில் எந்த வகுப்பில் அமைய வேண்டும் என்று ஆசிரியர்களும் பேராசிரியர்களும் பின்னோக்கி வகுத்துக்கொண்டே வந்தனர். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டது. வயது பார்க்காமல் ஆயத்தம் பார்க்கும் முறை இது என்பதால், தகுதி பெற்ற மாணவர் பதினைந்து, பதினாறு வயதிலேயே நியூயார்க் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியின் பாடத்தை எடுத்து, அதற்குரிய மதிப்பலகுகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார். கணினித் தகவல் முறைமைகள், மின்-இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம் ஆகியவை இங்கு வழங்கப்பட்ட இரு பட்டப் பிரிவுகள்.

நிறுவனத்தின் பங்கு பணத்தோடும் கணினிகளோடும் நின்றுவிடவில்லை. ஊழியர்கள் மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக அமைந்தார்கள். கோடை விடுமுறையில் ஊதியத்துடன் கூடிய பணிப்பயிற்சி கிடைத்தது. குழுவாக வேலை செய்வதும் அவையில் எடுத்துரைப்பதும் தனிப்பாடமாகவே கற்பிக்கப்பட்டன. படிப்பை முடிப்பவர்களுக்கு வேலை உறுதி என்று நிறுவனம் சொல்லவில்லை; நேர்காணலில் முன்னுரிமை உண்டு என்றே சொன்னது. 2013 அக்டோபரில் அதிபர் ஒபாமா இப்பள்ளிக்கு வந்தபின் இதன் புகழ் பரவியது. 2015இல் முதல் ஆறு மாணவர்கள் ஆறாண்டுப் படிப்பை நான்கே ஆண்டுகளில் முடித்தனர். அவர்களில் சிலர் ஐபிஎம்மில் பணிக்குச் சேர, மற்றவர்கள் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் இம்முறை அமெரிக்காவின் பிற மாநிலங்களுக்கும், ஆஸ்திரேலியா, மொராக்கோ உள்ளிட்ட நாடுகளுக்கும் சென்றது.

ஒரு நிறுவனம் பள்ளிக்குள் வரும்போது, பிள்ளைகள் அதன் தேவைக்கேற்ற ஆட்களாக வார்க்கப்படுவார்களோ என்ற அச்சம் எழுவது நியாயமே. அதற்கான காப்பு இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது: பள்ளியை நடத்துவது நகர நிர்வாகம், பட்டம் வழங்குவது பொதுப் பல்கலைக்கழகம், அந்தப் பட்டத்தைக் கொண்டு மாணவர் வேறு நிறுவனத்துக்கும் போகலாம், மேற்படிப்புக்கும் போகலாம். குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளை இயக்க மட்டும் கற்றவரின் திறன் அந்த மென்பொருளோடு காலாவதியாகிவிடும். கணிதமும் எழுத்தும் பொதுப் பட்டமும் கைவரப் பெற்றவர் தொழில் மாறினாலும் தாழ்வதில்லை.

ஆகவே, தொழில் நிறுவனங்களோடு கைகோக்கும் எந்தப் பள்ளியும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை பெற வேண்டும்: பின்தங்கிய மாணவருக்கும் இதில் இடம் உண்டா? நிறுவனம் தன் ஊழியர்களின் நேரத்தை ஆண்டுதோறும் தருமா? நிறுவனம் நாளை விலகிக்கொண்டாலும் மாணவர் கையில் செல்லுபடியாகும் பட்டம் மிஞ்சுமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால்தான் அந்தக் கூட்டு மாணவர்களுக்கானது.