தொப்பூர்க் கணவாயும் ஒரு சிறு பெட்டியும்

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தருமபுரியில் ஒரு மெக்கானிக் இருந்தார்; அந்த மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்குரு டிரைவர் இருந்தது. வண்டி ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று கொண்டுபோய் நிறுத்தினால், அவர் நம்மை ஒன்றும் கேளாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கைரேகை பார்க்கும் ஜோசியரைப் போல அதன் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நுனி கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தால் காற்று அதிகம். காப்பிப் பொடியின் நிறத்தில் இருந்தால் இரண்டும் ராசியாக இருக்கின்றன என்று பொருள். பிறகு கார்புரேட்டரின் பக்கவாட்டுத் திருகை இப்படி அரைச் சுற்றும் அப்படிக் கால் சுற்றும் திருப்பி, எஞ்சினின் சப்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, ‘போகலாம்’ என்பார். இன்று மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரப் பிரயாணம் செய்கிறவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ‘டியூனர்’ என்ற சாதனம், யோசித்துப் பார்த்தால், அந்த ஸ்குரு டிரைவரின் வாரிசுதான்.

திருகுக்கு இப்போது வேலை இல்லை. பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதிகள் 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, நம் நாட்டுப் புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய முழுவதும் விடைபெற்றுக்கொண்டது. அதன் ஸ்தானத்தில், பெட்ரோலைப் பனிபோலப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், அது எப்போது திறந்து எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிடும் இ.சி.யு. என்ற யந்திர மூளையும் வந்து அமர்ந்தன. அந்த மூளைக்குள் பஞ்சாங்கத்தைப் போல ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது ஒரு பக்கம். ஆக்ஸிலரேட்டரை நாம் எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், எவ்வளவு பெட்ரோல் என்ற கட்டளை. இதற்குத்தான் ‘மேப்’ என்று பெயர். இந்தக் கட்டளையைத் திருத்துவதுதான் டியூனரின் வேலை. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 25 முறை பெட்ரோல் பீய்ச்ச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் திறந்திருப்பது ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே. அந்த அற்ப நேரத்தில் ஒரு பின்னம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டுகிறவனின் உள்ளங்கைக்கு அது தெரிந்துவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது ரசாயன சாஸ்திரம் சொல்லும் கணக்கு. புகைக் குழாயில் உள்ள காட்டலிடிக் கன்வர்ட்டர் விஷ வாயுக்களைச் செவ்வையாக மாற்றுவதும் இந்த விகிதத்தை ஒட்டித்தான். ஆனால் எஞ்சின் தன் முழு பலத்தையும் காட்டுவது, காற்றின் பங்கு 13-க்கு முன்பின்னாகக் குறைந்து, பெட்ரோல் சற்றுத் தாராளமாகச் சேரும்போது. அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகையில் எரியும் அறையின் உஷ்ணத்தைக் கொஞ்சம் தணிக்கவும் செய்கிறது. சட்டம் கேட்பது ஒரு விகிதம், மேட்டில் ஏறும் எஞ்சின் கேட்பது வேறொரு விகிதம் என்றாகிவிடவே, வண்டி செய்கிறவர்கள் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள்: நிதானமான ஓட்டத்தில், புகைக் குழாயில் செருகியுள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டு இ.சி.யு. சட்டத்தைக் காப்பாற்றுகிறது, நாம் ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கும்போது, அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அட்டவணைப்படி தாராளமாக ஊற்றுகிறது.

இந்த ஆக்ஸிஜன் சென்சாரின் ஸ்வபாவத்தைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். சந்தையில் புளி நிறுக்கும் பழைய தராசு, எந்தத் தட்டு கனம் என்று காட்டுமே தவிர, எவ்வளவு கனம் என்று சொல்லாது. சாதாரண வண்டியில் உள்ள சென்சாரும் அந்த ஜாதிதான். பெட்ரோல் மிஞ்சினால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். எவ்வளவு மிஞ்சிற்று என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அளவை எண்ணாகவே சொல்லும் ‘வைட்பேண்ட்’ சென்சார் வேறு இனம், விலையும் அதிகம். டியூனிங் செய்கிறேன் என்று சொல்கிறவரிடம் அது இருக்கிறதா என்று கேட்பது, வைத்தியரிடம் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்பதற்குச் சமானம்.

எங்கள் தருமபுரி ஜில்லாவில் ஒரு வண்டியின் மேப்பைப் பரீட்சை பார்க்கத் தொப்பூர்க் கணவாயைவிட உசிதமான இடம் கிடையாது. சேலத்திலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வருகிறவன், கணவாய் மேட்டில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால், முந்தவும் வழியில்லாமல் நிற்கவும் மனமில்லாமல், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைக் கால்பங்கு மட்டும் முறுக்கிக்கொண்டு ஊர்ந்து வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப் சரியில்லாத வண்டி அந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கை அசையவில்லை, ஆனால் வண்டி மட்டும் முரட்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததுபோல முன்னும் பின்னும் இழுக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ஜெர்க் அடிக்குது’ என்பார்கள். டியூனர் விளம்பரங்கள் உச்ச வேகத்தில் எத்தனை குதிரைசக்தி கூடியது என்று பறைசாற்றுகின்றன. பிரயாணியோ தன் பொழுதில் பெரும்பகுதியைக் கழிப்பது இந்தக் கால்பங்கு முறுக்கலில்தான். ஆகவே டியூனர் வாங்க நினைக்கிறவன் பார்க்க வேண்டியது விளம்பரத்தில் வரைந்துகாட்டும் சக்திக் கோட்டின் சிகரத்தை அல்ல, அதன் அடிவாரத்தை.

முதலில் டியூனர் வேண்டுமா என்பதே கேள்வி. சென்னைப் பக்கத்தில் தயாராகி உலகெங்கும் போகிற ராயல் என்ஃபீல்டு 650-ஐ எடுத்துக்கொள்வோம்; 2018-ல் வெளிவந்த இரட்டைச் சிலிண்டர் வண்டி, 648 சி.சி., சுமார் 47 குதிரைசக்தி. அதைக் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுகிறவனுக்கு டியூனர் அனாவசியம் என்பது என் அபிப்பிராயம். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சினின் சுவாசத்தையே மாற்றிவிட்டவனுக்குத்தான் கதை வேறு. காற்று தாராளமாக வருகிறது, பழைய அட்டவணையோ பழைய காற்றுக்கே பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படி மாற்றிய பாவத்தை நானும் செய்தேன். செய்தபின், ஒரு கடைக்காரர் கட்டைவிரல் அளவுள்ள பிளக் ஒன்றைக் கொடுத்து, ‘இதைச் செருகினால் போதும்’ என்றார். உள்ளே வரும் காற்றின் உஷ்ணத்தை அளக்கும் சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் அமர்ந்து, பொய் சொல்வதுதான் அதன் தொழில்: வெளியே 38 டிகிரி வெயில் கொளுத்தும்போது, 18 டிகிரிதான் என்று அது தகவல் அனுப்பும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று அறிந்த இ.சி.யு., அதை நம்பி, கணக்குப்படி ஏறக்குறைய 7 சதவீதம் பெட்ரோலைக் கூட்டும். டவுனில் ஓட்டியபோது வண்டி புதுசுபோல இழுத்தது. என் மெக்கானிக் மட்டும் சிரித்துவிட்டு, ‘டவுன்ல நல்லாத்தான் சார் ஓடும்; தொப்பூர் மேட்டுல ஏத்திப் பாருங்க, அது சொல்லும்’ என்றார். சொல்லிற்று. நிதானமான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் விழித்துக்கொண்டு, ‘பெட்ரோல் மிஞ்சுகிறது’ என்று புகார் செய்ய, இ.சி.யு. கூட்டியதையெல்லாம் குறைத்துவிட, எந்த இடத்தில் உதவி தேவையோ அந்த இடத்தில் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை. தேவையில்லாத இடங்களில் மட்டும் பெட்ரோல் செலவாகி மைலேஜ் இறங்கிற்று.

இதற்கு மேற்பட்ட தரத்தில் உள்ளவை ‘பிக்கிபேக்’ பெட்டிகள். அமெரிக்க டைனோஜெட்டின் பவர் கமாண்டர், பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் முதலியவை இந்த வகை. இ.சி.யு.வை அப்படியே விட்டுவிட்டு, அது இன்ஜெக்டருக்கு அனுப்பும் கட்டளையை நடுவழியில் வாங்கி, கட்டத்துக்குக் கட்டம் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிற இவை, பிளக்கைப் போல ஒரே பொய்யை எல்லா இடத்திலும் சொல்வதில்லை. ஸ்பார்க் எப்போது பாய வேண்டும் என்பதையும் மாற்றக்கூடியவை இவற்றில் உண்டு. அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். ஸ்பார்க்கை முன்னே தள்ளினால் இழுவை கூடும். அளவு மீறினால், நம் பங்க்குகளின் சாதாரணப் பெட்ரோலில், மே மாத வெயிலில் மேடேறும்போது, எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ‘நாக்கிங்’ கேட்கும். அந்தச் சப்தம் பிஸ்டனின் மரண ஓலை. இ.சி.யு.வில் உள்ள அட்டவணையையே அழித்துத் திருத்தி எழுதும் ‘ரீஃப்ளாஷ்’ முறையும் உண்டு. பெட்டி இல்லை, வயர் இல்லை என்பதால் பார்வைக்குச் சுத்தமானது. ஆனால் எழுதியவர் கைவிட்டால் நமக்கு வேறு கதியில்லை.

பெட்டிகளின் குணதோஷங்களை இப்படிப் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்தபின் எனக்குப் பட்டது இதுதான்: பெட்டி எதுவாயினும் உள்ளே இருக்கும் மேப்பை எழுதியவர் யார், எந்த வண்டிக்கு, எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார் என்பதே முக்கியம். நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே இந்தக் கலவைக்குச் சரியான விகிதம் 14.7-லிருந்து ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடுகிறது. வேறு தேசத்துப் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை இறக்கிக்கொண்டு ஓட்டுகிறவன், அட்டவணைப்படி ஊற்றும் இடங்களிலெல்லாம் தன் எஞ்சினைத் தெரியாமலே பட்டினி போடுகிறான். பின்சக்கரத்தை உருளையின்மேல் ஏற்றி, வைட்பேண்ட் சென்சாரை வைத்து, கட்டம் கட்டமாக அளந்து எழுதும் ‘டைனோ’ வசதி தருமபுரிக்காரனுக்கு வேண்டுமானால் பெங்களூருக்குப் போகலாம். செலவு அதிகம்தான், ஆனால் மலிவுப் பிளக்கையும் அது குடித்த பெட்ரோலையும் கூட்டிப் பார்த்தபோது, எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி அமைத்ததற்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது; 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் உதிரிப் பாகம் பொருத்திச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கன்வர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு டியூனரைக் கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். வாரன்டி போய்விடும் என்பதையும் அவரவரே யோசித்துக்கொள்ள வேண்டியது.

பிரயாணிக்கென்று இன்னொரு நிபந்தனை உண்டு. பந்தயக்காரனுக்கு அது தேவையில்லை. வழியில் பெட்டி செத்துப்போனால், வயர் எதையும் வெட்டாமல், அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய இணைப்புகளை ஒன்றோடொன்று செருகினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே கிளம்ப வேண்டும். அரூருக்கு அப்பால் சித்தேரி மலைப் பாதையில் ராத்திரி நின்றுபோன வண்டிக்கு டைனோவும் கிடையாது, டியூனரை விற்றவரும் கிடையாது. அதனால் நான் கடைசியில் பிக்கிபேக் பெட்டியைப் பொருத்திக்கொண்ட அன்று, மெக்கானிக்கின் கடை வாசலில் இருட்டும்வரை காத்திருந்து, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஸீட்டைக் கழற்றி, ஒருவர் உதவியும் இல்லாமல் பெட்டியை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். 11 நிமிஷம் பிடித்தது. மெக்கானிக் அந்த நேரம் முழுவதும் டீ குடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தர வேண்டிய பாக்கியை அதற்குப் பிறகுதான் கொடுத்தேன்.