'குட்' என்றால் நல்லது அல்ல!



நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, என் தாத்தா ஒரு வெள்ளி ரூபாய் கொடுத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1918-ஆம் ஆண்டு நாணயம். கறுத்துப் போயிருந்தது. "பத்திரமா வெச்சுக்கோ" என்றார். நானோ கொல்லைப்புறத்துக்கு ஓடிப் போய், புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது!

பல ஆண்டுகள் கழித்து, நாணயம் சேகரிக்கும் நண்பரிடம் அதைக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "ஐயோ சார், யாரோ தேய்த்துக் கெடுத்து விட்டார்களே!" என்றார். அந்த 'யாரோ' நான்தான் என்று எப்படிச் சொல்வது?

பிறகுதான் நாணயத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று அவர் விளக்கினார்.

நாணயம் கைமாறக் கைமாற, மேடான இடங்கள்தாம் முதலில் தேயும். மன்னரின் கிரீடம், காது, தாடி போன்ற இடங்களைப் பார்த்தே தரம் சொல்வார்கள். புழக்கத்துக்கே வராதது 'அன்சர்குலேட்டட்'. லேசாகத் தேய்ந்தது 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'. அடுத்து 'வெரி ஃபைன்', 'ஃபைன்', 'வெரி குட்' என்று படிப்படியாக இறங்கும். 'குட்' என்றால் நன்றாகவே தேய்ந்து போனது! பெயரைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள்.

அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக 1949-இல் 1 முதல் 70 வரை மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். இன்று பல நாட்டு நாணயங்களுக்கும் அது பயன்படுகிறது. அதில் 'ஃபைன்' நாணயத்துக்கு 12 மதிப்பெண்தான். 60-உம் அதற்கு மேலும் புழக்கத்துக்கு வராதவை. 70 என்றால் குறையே இல்லாதது.

'புரூஃப்' என்பது தரம் அல்ல. சேகரிப்போருக்காகத் தனிக் கவனத்துடன் அச்சடிக்கும் முறை அது.

சரி, தேய்த்தால் என்ன தவறு? வெள்ளி, காற்றிலுள்ள கந்தகப் பொருள்களோடு சேர்ந்து கறுக்கிறது. அது இயற்கை. தேய்க்கும்போது உலோகமும் கொஞ்சம் போகிறது. நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு மறுபடி வரவே வராது. மதிப்பும் குறைந்துவிடும்.

இன்றே வீட்டிலுள்ள சில்லறையைப் பரப்புங்கள். ஒரே மாதிரி நாணயங்களை வரிசையாக வைத்து, எது அதிகம் தேய்ந்தது என்று கண்டுபிடியுங்கள். ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

பழைய நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது.

என் வெள்ளி ரூபாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. விற்கப் போனால் விலை குறைவுதான். ஆனால், தாத்தா கொடுத்ததாயிற்றே! உங்கள் தாத்தா, பாட்டி ஏதாவது கொடுத்தால், புளியைத் தொடாமல் பத்திரமாக வைத்துக் கொள்வீர்கள்தானே?