கல்லூரிப் போட்டிகளும் அணிப்பெயர்களும்

முன்னுரை

இரு கல்லூரிகள் எதிரெதிரே நின்று ஆடுமிடத்து ஆட்டத்தோடு பெயர்களும் பிறக்கின்றன. அப்பெயர்கள் எங்ஙனம் தோன்றின, அவை நமக்கு உணர்த்துவது யாது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தலையிற் சூடிய அடையாளம்

போர்க்களத்தில் தம்மவரையும் மாற்றாரையும் வேறுபடுத்தி அறியப் பண்டைத் தமிழ் மறவர் பூச்சூடினர். சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். வெட்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் புறத்திணைகளே பூவாற் பெயர் பெற்றன.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும், இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக விளங்கும் கல்லூரியும் மோதின. அந்நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் முதற்போட்டியாக இதனையே கொள்வர். சீருடை இல்லாத அந்நாளில் ரட்கர்ஸ் மாணவர் செந்துணியைத் தலைப்பாகையாகச் சுற்றி ஆடினர் என்பர். 6-4 என வெற்றியும் அவர்க்கே கிட்டியது. அச்செந்நிறமே பின்னர், 1955இல், ‘செந்நிற வீரர்’ எனும் பொருள்படும் அணிப்பெயரில் நிலைத்தது. பிரின்ஸ்டன் அணியினரோ செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த தம் நிறத்தால் ‘புலிகள்’ ஆயினர்.

வசையே பெயராதல்

நாட்டர் டேம் பல்கலைக்கழக அணியைப் ‘போரிடும் ஐரிஷ்காரர்’ என்று எதிரணியினர் ஏளனமாகவும் அழைத்தனர். அவ்வசையையே பெருமையாக ஏற்று, 1927இல் அப்பல்கலைக்கழகம் தன் அணிப்பெயராக அறிவித்தது. பிறர் எறிந்த கல்லைப் படிக்கல்லாக்கிய செயல் இது எனலாம்.

இலங்கையின் சமர்கள்

மேற்கண்டவை ஒவ்வோர் அணிக்கும் உரிய தனிப்பெயர்கள். இலங்கையிலோ கல்லூரிகள் என வழங்கும் பெரும்பள்ளிகளின் கிரிக்கெட் போட்டிகளில் இரு தரப்பும் சேர்ந்து ஒரு பெயர் பெறுகின்றன. கொழும்பு ராயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் 1880 முதல் மாணவர் அணிகளாக மோதி வருவது ‘நீலங்களின் சமர்’. இரண்டிற்கும் நீலமே நிறம். ஆனந்தாவும் நாலந்தாவும் மோதுவது ‘அரக்கு நிறங்களின் சமர்’. இவற்றுள் நாலந்தா, ஆனந்தாவினின்றும் கிளைத்ததே. யாழ்ப்பாணக் கல்லூரியும் புனித பத்திரிசியார் கல்லூரியும் மோதுவது ‘பொன் அணிகளின் போர்’. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய ஆட்டமோ ‘வடக்கின் பெருஞ்சமர்’ என மண்ணாற் பெயர் பெற்றது. உள்நாட்டுப் போர் அதனை இடைநிறுத்தியும் அது மீண்டெழுந்தது.

இங்கு நாம் உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. இப்பெயர்கள் எல்லாம் இரு தரப்பையும் பிரிக்கும் ஒன்றைச் சுட்டவில்லை. இருவர்க்கும் பொதுவான ஒன்றையே சுட்டுகின்றன.

நம் தடத்தில் பிறந்த பெயர்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தடங்களின் புறநகர் மின்தொடர்வண்டிகளில் நம் மாணவர் பலர் நாள்தோறும் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அத்தகைய பயணங்களில் வழங்கும் பெயர் ‘ரூட்டு தல’. வழித்தடத்து மாணவர் குழுவிற்குத் தலைவன் என்பது அதன் பொருள். இப்போட்டிக்கு ஆடுகளம் இல்லை, விதி இல்லை, ஆட்டம் முடிந்ததென ஊதும் நடுவரும் இல்லை. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே தாக்கப்பட்ட மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தாக்கியவராகக் கைதானோரும் மாணவரே. இரு பக்கத்துப் பெற்றோரும் கண்ணீர் வடித்த அந்நிகழ்வை ஆசிரியராகிய நாம் எளிதில் மறக்கவியலாது.

முடிவுரை

உறையூர்க் கோட்டையுள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி அதனை முற்றுகையிட்டு நின்றான். அவ்வேளையில் கோவூர்கிழார் இருவர்க்கும் எடுத்துக்காட்டியது அவர்கள் சூடிய பூவைத்தான். இருபுறத்தும் ஆத்தியே இருத்தலின், தோல்வி எவர்க்கு நேரினும் இழிவு சோழர் குடிக்கே என்பது அவர் வாதம். அது புறநானூற்றின் 45ஆம் பாடலாக நிற்கிறது.

ஒரே வண்டியில் ஏறி, ஒரே பல்கலைக்கழகத் தேர்வெழுதி, ஒரே மாவட்டத்து வீடுகளுக்குத் திரும்பும் நம் மாணவரும் சூடியிருப்பது ஒரே பூவே. ஆடுக, வெல்க, தோற்றவன் தோளில் கையிட்டு ஒன்றாக வீடு திரும்புக என்பதே நம் வேண்டுகோள்.