குடும்ப நாடகமும் மேடைத் தழுவலும்: ‘கண்ணாடி வார்ப்புகள்’ வழி ஒரு விளக்கம்

க.பொ.த. சாதாரண தரம் – நாடகமும் அரங்கியலும்



பிறமொழி நாடகமொன்று தமிழ் மேடைக்கு வரும்போது மொழி மட்டுமே மாறுகிறது என எழுதுவது முழுமையான விடையாகாது. மேடையில் பொருள் தருவது உரையாடல் மாத்திரமன்று. சுவரில் தொங்கும் படம், வாசற்படி, அணைந்துபோகும் விளக்கு என்பனவும் பேசுகின்றன. அவை பார்வையாளரிடம் என்ன சொல்கின்றன என்பதை அறிந்து மாற்றுவதே தழுவலின் கடினமான பகுதியாகும். இதனை ஒரு நாடகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. நாடகமும் ஆசிரியரும்

ஐக்கிய அமெரிக்க நாடகாசிரியர் ரெனசி வில்லியம்ஸ் (1911–1983) எழுதிய இந்நாடகம் 1944 டிசெம்பர் 26ஆம் திகதி சிக்காகோ நகரில் முதன்முதலாக மேடையேறியது. 1945 மார்ச் 31இல் நியூயோர்க்கின் புரோட்வே அரங்குக்கு வந்து, அங்கு 563 தடவைகள் ஆற்றுகை செய்யப்பட்டது. தமிழில் இது ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்னும் பெயரில் 1978இல் க. பாலேந்திராவின் நெறியாள்கையில், அவைக்காற்று கலைக் கழகத்தினால் இலங்கையில் மேடையேற்றப்பட்டது. ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் குடும்ப நாடகமொன்றையும் இதே நெறியாளர் ‘ஒரு பாலை வீடு’ என்ற பெயரில் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

2. கதைச்சுருக்கம்

1930களின் பொருளாதார மந்த காலம். சென் லூயிஸ் நகரில் ஒரு சிறிய வாடகை வீடு. தாய் அமண்டாவைக் கணவன் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுப் போய்விட்டான். மகன் ரொம் சப்பாத்துக் களஞ்சியமொன்றில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறான். மகள் லோராவுக்குக் காலில் சிறு ஊனம். கூச்ச சுபாவத்தினால் தட்டெழுத்து வகுப்பைக்கூட இடைநிறுத்திவிட்டு, கண்ணாடியினாலான சிறு விலங்குப் பொம்மைகளோடு காலம் கழிக்கிறாள்.

மகளுக்கு ஒரு வாழ்வு அமையவேண்டும் எனத் தவிக்கும் தாயின் வற்புறுத்தலால், ரொம் தன் நண்பன் ஜிம்மை இரவுணவுக்கு அழைத்து வருகிறான். மின்கட்டணப் பணத்தை அவன் கப்பற் தொழிலாளர் சங்கத்தில் சேரச் செலவிட்டிருந்தமையால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜிம்மும் லோராவும் பேசி நடனமாடும்போது கண்ணாடிக் குதிரை விழுந்து, அதன் ஒற்றைக் கொம்பு உடைகிறது. தனக்கு வேறொரு பெண்ணுடன் திருமணம் நிச்சயமாகிவிட்டது எனக் கூறி ஜிம் விடைபெறுகிறான். தாய் ரொம்மைக் குற்றஞ்சாட்டுகிறாள். அவனும் பின்னர் வீட்டை விட்டு வெளியேறுகிறான். இவ்வளவையும் ரொம் தன் நினைவுகளாகவே சொல்கிறான். எனவே அவன் பாத்திரமாகவும் எடுத்துரைஞராகவும் இயங்குகிறான்.

3. நமது சூழலுக்கு மாற்றினால்?

மாங்குளத்துப் பாடசாலையொன்றில் இந்நாடகத்தை வன்னிக் குடும்பமொன்றின் கதையாக மேடையேற்றுவதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் நான்கு விடயங்களைச் சிந்தியுங்கள்.

(அ) வெளிப்படி: தீ விபத்தின்போது தப்புவதற்கென மாடிக் கட்டடத்தின் வெளியே அமைந்த இரும்புப் படியில் நின்றே ரொம் பார்வையாளருடன் பேசுகிறான். உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை என்ற அவனது நிலையை அப்படி காட்டுகிறது. நம் வீட்டில் விறாந்தைப் படியோ படலையோ இதே வேலையைச் செய்யும். இங்கே பொருள் மாறுகிறது, பயன் மாறவில்லை.

(ஆ) தந்தையின் படம்: மூலத்தில் சுவரில் தொங்கும் சிரித்த முகப் படம், தானாக விரும்பிப் பிரிந்து சென்ற தந்தையைக் குறிக்கிறது. வன்னியில் சுவரிலுள்ள படத்துக்கு மாலை இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று கொள்வோம். மாலையில்லாத படம் பல வீடுகளில் காத்திருப்பின் அடையாளம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கைகளில் ஏந்தியவையும் அத்தகைய படங்களே. ஆகவே படத்தை அப்படியே தொங்கவிட்டால், கைவிட்டுப்போன தந்தையைப் பார்வையாளர் பறிகொடுத்த தந்தையாகக் கருதிவிடுவர். தாயின் கோபம் அவர்களுக்கு விளங்காது. அவர் எவ்வாறு போனார் என்பதைத் தொடக்கத்திலேயே உரையாடலால் தெளிவாக்க வேண்டும்.

(இ) மகனின் பயணம்: நம்மூரில் வெளிநாடு செல்லும் மகன் பெரும்பாலும் குடும்பத்தைக் காப்பாற்றவே போகிறான். எனவே ரொம் வெளிநாடு போனான் என்று மாத்திரம் காட்டினால் அது நல்ல முடிவாகத் தோன்றும். மின்கட்டணப் பணத்தை எடுத்தமை, அதைச் சொல்லாமல் மறைத்தமை, தமக்கையைத் தனியே விட்டமை ஆகியவற்றை அழுத்திக் காட்டினாலே அவனது குற்றவுணர்வு வெளிப்படும்.

(ஈ) கண்ணாடிக் குதிரை: இதனை மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடி எளிதில் உடையும் என்பது எவருக்கும் தெரியும். கொம்பு உடைந்ததும் அது மற்றக் குதிரைகளைப் போலாகிவிடுகிறது என்பதே அக்காட்சியின் கருத்து.

4. மாதிரி வினா

“தழுவல் நாடகத்தில் மேடைப்பொருட்களை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை யாவை? உதாரணத்துடன் விளக்குக.”

விடைக் குறிப்பு: மொழிபெயர்ப்பு, தழுவல் வேறுபாட்டை முதலில் கூறுக. மொழிபெயர்ப்பில் மூலத்தின் இடமும் பெயர்களும் பெரும்பாலும் பேணப்படும். தழுவலில் இடம், பெயர், வழக்காறு என்பன நமது சூழலுக்கு ஏற்ப மாற்றப்படும். அடுத்து, ஒரு பொருளின் நாடகப் பயனை எழுதி, அதே பயனைத் தரும் உள்ளூர்ப் பொருளைக் குறிப்பிடுக. இறுதியில், வடிவம் ஒன்றாயிருந்தும் கருத்து மாறுபடும் ஓர் உதாரணம் தருக. தந்தையின் படம் இதற்குப் பொருத்தமானது.

நினைவிற் கொள்க: ஒவ்வொரு பொருளையும் பார்த்து “இது இங்கே என்ன கருத்தைத் தரும்?” என வினவுபவரே நல்ல தழுவலாளர். நாடகத்தைப் படிக்கும்போது நீங்களும் அதே வினாவை எழுப்புங்கள். உங்கள் வீட்டையும் ஊரையும் பற்றி நீங்கள் அறிந்தவை உங்கள் விடைக்கு வலுச்சேர்க்கும்.